இரண்டு சிறுமிகளும் ஒரு சிவப்புப் பலகையும்

இங்கே லீட்ஸ் நகரத்தில், ஏழு வயதாகும் என் மகள் நிலாவின் பள்ளிப் பையில் ஒரு மெல்லிய நோட்டு இருக்கிறது. தினமும் மாலை அவள் ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தைப் பத்து நிமிடம் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எங்கே தடுமாறினாள், எதற்குச் சிரித்தாள் என்று நான் அதில் எழுத வேண்டும். மார்க் கிடையாது. என்ன எழுதுவதென்று தெரியாமல் முதல் மாதம் முழுக்க ‘குட்’ என்றே எழுதி அனுப்பினேன். ஒருநாள் பள்ளி வாசலில் நின்ற டீச்சர், “ஷி இஸ் கெட்டிங் தேர்” என்றார். எனக்குப் பதறிவிட்டது. பிள்ளை பள்ளிக்கு வராமல் வேறு எங்கோ போகிறாளோ என்று நினைத்து, தினமும் நான்தானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அவர், வாசிப்பு மெல்ல மெல்லக் கைவருகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன் என்று பொறுமையாக விளக்கினார்.

படாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாசிப்பதை வீட்டில் கேட்கவோ கையெழுத்துப் போடவோ ஆள் இல்லை. ஆனால் பள்ளியில் வகுப்புக்கு ஒருவராக ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். யாருக்கு எழுத்து வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நர்ஸிங் படித்து இவ்வளவு தூரம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அரசுப் பள்ளியைப் பற்றி இங்குள்ள தமிழர்கள் யாராவது இளக்காரமாகப் பேசினால் என்னையே சாட்சியாகக் காட்டுவேன்.

போன ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது, தம்பி தணிகையின் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். தணிகை ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறான். அவன் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. நான் படித்த அதே பள்ளியில் நாலாம் வகுப்பு. கடற்கரையில் ஒரு சிவப்புப் பலகை இருந்தது. நிலாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாழினியிடம் கேட்டாள். யாழினி பலகையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போட்டுக்கீது” என்றாள். இருவரும் கைகோத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. காவலுக்கு நின்ற ஒருவர் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துக் கரையில் போட்டார். “பள்ளம் கீது, எறங்காதீங்கன்னு தமிழ்லதான எழுதிக்கீது. படிச்ச புள்ளைங்கதான?” என்று என்னிடம் கேட்டார். நனைந்த பாவாடையோடு நின்ற யாழினி தலையைத் தூக்கவில்லை.

அன்று மாலை அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டேன். பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். நடுவில் நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் கண் புதிய பக்கத்தில் இருந்தது, வாய் பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டு போனது. கேட்டுக்கொண்டிருந்த தணிகைக்குக் கோபம் வந்தது. இந்தப் பள்ளியே வேண்டாம், கூடுவாஞ்சேரிப் பக்கம் தனியார் பள்ளியில் சேர்க்கிறேன் என்றான். “நீயும் அங்கதானக்கா படிச்ச. ஒனக்கு வந்துச்சு, இதுக்கு இன்னா கேடு?” என்றான். யாழினி அழவில்லை. என் பக்கம் திரும்பி, “எனக்குப் படிக்கத் தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க அத்த. நானும் தெரியும்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்” என்றாள்.

மறுநாள் தம்பி மனைவி குமாரியோடு பள்ளிக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்து நியாயம் கேட்கிறாள் என்று நினைப்பார்களே என்ற கூச்சம் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. விமலா டீச்சர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி முழுக்கவே அவரும் தலைமையாசிரியரும்தான். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் சொன்னதை டீச்சர் மறுக்கவில்லை. வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, தேர்வு விவரம் என்று எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டியிருப்பதைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வாசிக்கலன்னு போட்டா, ஏன் வாசிக்கலன்னு என்னத்தான் கேப்பாங்க. ஆள் கொடுக்க மாட்டாங்க. அதனால வாசிக்குதுன்னு போடறேன்.” காலையில் பள்ளி தொடங்கியதிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை என்பது, மேசையில் மூடி திறக்காமல் இருந்த பாட்டிலைப் பார்த்தபோது தெரிந்தது. கொண்டுபோன கோபத்தை அவர்மேல் இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சீர்திருத்தம் என்ற பெயரில் எத்தனையோ வந்திருக்கின்றன. சுவரில் புதுப் படங்கள், அலமாரியில் புது அட்டைகள், செல்போனில் புதுச் செயலிகள். ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள் மட்டும் வரவில்லை.

குமாரி பத்தாவது வரை படித்தவள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவள் பெயர் உண்டு. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் அதுவரை அவள் வேலை. நான் லீட்ஸுக்குத் திரும்பிய பிறகு நடந்த கூட்டத்தில் அவள் எழுந்து, ஒவ்வொரு பிள்ளையும் நடத்தாத பாடத்திலிருந்து நாலு வரி பெற்றோர் முன்னால் வாசிக்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். பாதிப் பிள்ளைகளால் முடியவில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய் என்று தணிகை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். பதில் இல்லை. குமாரி மூன்று முறை நடையாய் நடந்தாள். கடைசியில், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேறொரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை அனுப்பினார்கள். மற்ற நாள்களில் மாலையில் குமாரியே மகளோடு உட்காருகிறாள். தணிகை தனியார் பள்ளி விண்ணப்பத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகளை நான் எங்கே படிக்க வைக்கிறேன் என்று அவன் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

இந்தப் பிப்ரவரியில் இன்னொரு மனு எழுதினார்கள். மூன்று நாள் வரும் அந்த டீச்சரை ஊர்ப் பள்ளியிலேயே போட்டுவிடச் சொல்லி. கூட்டம் நடக்கும்போது குமாரி வீடியோ காலில் என்னை அழைத்து, போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஓய்வறையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த எனக்கு, சுற்றும் மின்விசிறியும் காரை பெயர்ந்த கூரையும் மட்டும் தெரிந்தன. எட்டிப் பார்த்த சக நர்ஸ், போன் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, ஊரில் கூட்டம் என்றேன். எல்லோரும் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் ஏதோ யோகா வகுப்பு என்று நினைத்துக்கொண்டாள்போல. சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மனுவை யாழினி வாசிக்கட்டும் என்று அங்கே யாரோ சொன்னார்கள். அவள் எழுத்துக் கூட்டி, நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தாள். “எங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை நி... நிர...” என்று நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. “நிரந்தரமாக” என்று நான் இங்கிருந்து சொன்னேன். என் பக்கம் மைக் அணைந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவளே அந்தச் சொல்லை வாசித்தாள்.