தம்பி கண்டாக்கையா ஆன பிறகு

இலங்கையில் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்த மறு வருடம், டயகம பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அம்மாவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறோம். என் தம்பி படித்து முடித்து, அதே தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்காக வந்தான். நாங்கள் குடியிருக்கும் லயமே பட்டாசு கொளுத்தியது. நம் கஷ்டம் தெரிந்த பிள்ளை, இனி யாரும் நம்மை ஏசமாட்டார்கள் என்று நம்பினோம்.

ஒரு வாரம்கூட அது தாங்கவில்லை. பழைய கண்டாக்கு அம்மாவை ஏசிய அதே வார்த்தைகள் இவன் வாயிலும் வந்தன. சிறுவயதில் அந்த ஏச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதவனே இவன்தான்.

மழை விட்ட ஒரு காலையில், மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்திருப்பதை அம்மா கண்டுவிட்டார். வேலையிடத்தில் மகனிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"அந்தப் பக்கம் வேணாங்க, குளவி பறக்குது."

"ஒடம்பு வளையலன்னா குளவி, அட்டைன்னு ஏதாச்சும் சொல்லுவீங்க. எறங்குங்கடி!"

அந்த 'டி'யில் அம்மாவும் அடக்கம். ஆனாலும் முதலில் இறங்கியவர் அவர்தான். மகன் பேச்சு எடுபடாமல் போய்விடக் கூடாதே!

குளவிகள் மொய்த்தபோது கூடைகளை எறிந்துவிட்டு ஓடினோம். அம்மாவால் ஓட முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அவர் தலையில் போர்த்தி இழுத்து வந்தேன். முகமெல்லாம் வீங்கிப்போனவரை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் தம்பி வார்டுக்கு வந்தான். அவன் குரல் கேட்டதும் அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. கொழுந்த மலையிலயே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

காய்ச்சல் மயக்கம் என்றார் நர்ஸ். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்பியோ, பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்டதா என்று சுற்றிப் பார்த்தான்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "பெத்தவளடா அவ!"

"நான் என்னக்கா செய்ய? இப்படிப் பேசினாத்தான் வேல நடக்கும். பொறந்ததுலேர்ந்து இதத்தானே பாத்தேன்?"

அம்மா பிழைத்தார், ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. தம்பி இன்றும் அதே வேலையில், அதே குரலில். அவன் மீது எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் ஏச்சைத் தவிர வேறெதையும் காட்டாமல் வளர்த்துவிட்டு, படித்து வந்தால் இரக்கத்தோடு வருவான் என்று காத்திருந்தோமே, அந்த நினைப்புதான் இன்னும் அதிகமாகக் கசக்கிறது.