செஞ்சியின் ஒரே ஃபாரின் ரயில்

எண்பதுகளில் ரயிலே வராத செஞ்சியில், ஃபாரின் ரயில் வைத்திருந்தவன் நான். சிங்கப்பூர் மாமா கொடுத்த சாவி ரயில். பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டு வர வேண்டும். அப்போதும் தொடக்கூடாது.

கூடப் படித்த சலீமிடமும் ஒன்று இருந்தது. மேல்மலையனூர் கோயில் அமாவாசைத் திருவிழாக் கடையில் வாங்கியது. "உன்னுது லோக்கல்டா" என்பேன்.

இன்று காலை சாவி கொடுத்தால் என் ரயில் ஓடவில்லை. ஊரில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அதே சலீம்தான்.

ரயிலை மேசைமேல் வைத்தேன். அவன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான்.

"இப்ப தொடலாமா?"

தலையாட்டினேன்.

"பல்சக்கரம் தேஞ்சிபோச்சிடா" என்றவன், பரணிலிருந்து தன் பழைய ரயிலை எடுத்துப் பிரித்தான். அதன் சக்கரம் என் ரயிலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஃபாரின் வண்டியில அது எப்பிடிடா சேருது?"

இரண்டையும் கவிழ்த்துக் காட்டினான். ஒரே கம்பெனி முத்திரை. அதன் கீழே, மேட் இன் இந்தியா.

"உள்ள எல்லாம் ஒண்ணுதான்டா. மேல தகரம்தான் வேற."

இப்போது என் ரயில் ஜோராக ஓடுகிறது, சலீமின் சக்கரத்தில்.

அன்று என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் பலர் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். தாராளமாக வந்து தொட்டுப் பாருங்கள். கை கழுவ வேண்டியதில்லை.