மூளைச் சுண்ணாம்பும் கோழிக் கிளிஞ்சலும்

எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் ஆகிறது. கழுத்துக் கட்டியோடு, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பருப்பளவுச் சுரப்பிகளும் போய்விட்டன. உடம்பில் கால்சியத்தைக் கட்டிக்காப்பது அவைதானாம். அதனால் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, சாப்பிட்ட பின் கால்சியம் மாத்திரை, ஆயுசுக்கும். நானும் ஒழுங்காகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. போன வருஷம் முட்டை வண்டிக் கதவில் தலையை இடித்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். அந்த ஒரு வாரத்துக்கு என் வீட்டுக்காரரே டாக்டராகிவிட்டார்.

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூளையில் இரண்டு பக்கமும் கால்சியம் படிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னது. அவ்வளவுதான்.

"பாத்தியா புள்ள, நீ மாத்தர மாத்தரயா முழுங்குனது எங்க போயி ஏறி நிக்குதுன்னு!"

கால்சியம் மாத்திரை டப்பா அப்போதே பரணுக்குப் போனது. பண்ணையில் தண்ணீர்க் குழாயில் உப்பு அடைத்தால் ஆசிட் விட்டுக் கழுவுகிற மனுஷன். என் மூளைக்கும் அதே வைத்தியம்தான்: காலையும் மாலையும் எலுமிச்சம்பழச் சாறு. ஆசிட் இல்லாமல் போனதே என் அதிர்ஷ்டம். எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் மூளை கல்லாகிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

சேதி கேட்டு குமாரபாளையத்திலிருந்து நாத்தனார் வந்தார், கையில் ஒரு சத்துமாவு டப்பாவோடு. வந்தவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். 'கால்சியம் நிறைந்தது' என்று போட்டிருந்தது. "இது வேண்டாஞ்சாமி, உனக்கு ஆகாது" என்று பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் பால், தயிர், ராகி, முட்டை எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டுப் போனார். கொட்டகை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிட்டேன்.

அதே வாரத்தில் பண்ணையில் முட்டை ஓடு மெலிசாக வந்தது. தொட்டாலே உடைந்தது. வீட்டுக்காரருக்குத் தூக்கமே போய்விட்டது. போன் மேல் போன் போட்டுத் கோழிக்குக் கால்சியம் பத்தவில்லை என்று தீவனத்தில் கலக்க மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் இறக்கினார். எனக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றேன். "எலுமிச்ச வேல செய்யுது" என்றார்.

மறுநாள் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் இரண்டு கையும் இழுத்துக்கொண்டன. விரல்கள் ஐந்தும் ஒன்றாகக் குவிந்து மணிக்கட்டு மடங்கிவிட்டது. விரிக்க முடியவில்லை. முட்டை அட்டை கீழே போய்விட்டது.

"அட்ட போச்சே!" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம்தான் என் கையைப் பார்த்தார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் நரம்பில் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. டாக்டரம்மா என் வீட்டுக்காரரைத்தான் பிடித்துக்கொண்டார். "இவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் அடிமட்டத்துல இருக்கு. அதைக் காக்கிற சுரப்பி இல்லாததாலதான் மூளையில வருஷக்கணக்கா படிஞ்சிருக்கு. அதுக்கு மாத்திரையை நிறுத்துறதா வைத்தியம்? அளவைக் கூட்டுறதும் குறைக்கிறதும் ரத்தம் பாத்து நாங்க செய்யணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

இவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"அட, இது முட்டக்கோழிக்கு வர்றதுதானுங்க டாக்டர்! கால்சியம் பத்தலீன்னா கால் மடங்கிக் கூண்டுலயே உளுந்துருமுங்க. பாத்த ஒடனே நான் கண்டுபுடிச்சுருவனுங்க."

பெருமையாக வேறு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. உயிர் ஆசையில் விட்டுவிட்டேன்.

"ஏனுங்க," என்றேன், "நானும் தெனம் ஒரு முட்ட போட்டிருந்தா என்னையும் கண்டுபுடிச்சிருப்பீங்களாட்ட இருக்குதுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.