இடது பக்கத்து இண்டிகேட்டர்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. பெரியப்பாவின் அம்பாசிடர் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டு ஜன்னல் வழியாக நான் கையை வெளியே நீட்ட வேண்டும். வலது பக்கத்து இண்டிகேட்டர் ஒழுங்காக வேலை செய்தது. இடதுதான் தகராறு. சில நாள் சிமிட்டும், சில நாள் சிமிட்டாது. அதை நம்ப முடியாததால் என்னை நம்பினார்கள். வேப்பந்தட்டையில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் கார். அதில் நானும் ஒரு பாகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று அம்மாவிடம் அடம்பிடித்துச் சிவப்பு வளையல்கூட வாங்கிக்கொண்டேன்.

பெரியப்பா பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். அப்பேர்ப்பட்டவர் ஒரு சின்ன பல்பைச் சிமிட்ட வைக்க இன்னொரு எலெக்ட்ரீஷியனிடம் போய் நிற்பாரா? ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பார். பல்பை மாற்றினார், பியூஸை மாற்றினார். விளக்கைச் சிமிட்ட வைப்பதற்கென்றே பிளாஷர் என்று ஒரு டப்பா உண்டு, அதையும் மாற்றினார். எதை மாற்றினாலும் பல்பை ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டுவார். அன்றைக்கு அழகாகச் சிமிட்டும். மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போவார். வியாழக்கிழமை வரை ஒரு குறையும் இருக்காது. சனிக்கிழமை பார்த்தால் முன் விளக்கு இருண்டு கிடக்கும், பின் விளக்கு சிமிட்டாமல் சும்மா எரிந்துகொண்டிருக்கும். பெரியப்பா வண்டியைத் திட்ட மாட்டார். பல்பு விற்றவனைத் திட்டுவார்.

வண்டியைத் திட்டும் வேலையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி உரசி, காரின் இடது முன்பக்கம் நசுங்கிப் போனது. பெரியப்பாவுக்குத் தோளில் நல்ல அடி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பெரியம்மா வராந்தாவில் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. முன் சீட்டு எனக்குக் கிடைத்ததே அப்படித்தான். நசுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இண்டிகேட்டரின் மஞ்சள் மூடியில் மட்டும் ஒரு விரிசல் நின்றுவிட்டது. திருச்சி வரை தேடியும் வேறு மூடி கிடைக்கவில்லை.

காரில் ஏற மாட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டாள். ஒரு குடம் தண்ணீரை முன்பக்கம் ஊற்றிக் கழுவுவாள். குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு விளக்கிலும் வைத்து அதன்மேல் குங்குமம் இடுவாள். ஊரில் எல்லாரும் ஆயுத பூஜைக்கு வருஷத்துக்கு ஒரு தரம் செய்வதை அவள் வாரா வாரம் செய்தாள். வாய் மட்டும் வண்டியை வைதுகொண்டே இருக்கும்.

“சனியன் புடிச்ச வண்டி! கொண்டுபோன ஆள முழுசா வூட்டுல கொண்டாந்து சேத்துடு, தெரிஞ்சுதா?” என்று விளக்கைப் பார்த்துச் சொல்லுவாள். சந்தனம் தொட்ட விரலைக் கடைசியில் என் நெற்றியில் துடைப்பாள்.

அந்த வருஷம் காருக்கு எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம்.

அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். “அண்ணே, இந்தத் தடவ எஃப்.சி. ஆவலன்னா காயலான் கடைக்குத்தான் தள்ளணும். ஏற்கெனவே ஒரு தரம் உசுரு தப்பிச்சிருக்கீங்க.”

 அன்று பூராவும் பெரியப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான். உத்தியோகம் போய்விடுமே.

எஃப்.சி.க்கு முதல் நாள் சாயங்காலம் எல்லா விளக்கையும் சரிபார்த்தார். இடது பக்கம் கடிகாரம் மாதிரி சிமிட்டியது. மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது பெரியம்மா குடமும் தட்டுமாக ஓடி வந்தாள்.

“ஏங்க, செத்த நில்லுங்க. நல்ல காரியத்துக்குப் போறப்ப வெறும் நெத்தியோடவா கொண்டு போவீங்க?”

வெள்ளிக்கிழமைகளில் வைப்பதைவிட இரண்டு மடங்கு வைத்தாள். பெரியப்பா மணியைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக நின்றார்.

பெரம்பலூரில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஹாரன் அடித்தது, பிரேக் பிடித்தது, வைப்பர் ஆடியது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றுகொண்டு, “லெஃப்ட் போடுங்க” என்றார். பெரியப்பா போட்டார். முன் விளக்கில் ஒன்றும் இல்லை. மறுபடி போட்டார். இன்ஸ்பெக்டரின் முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. இதற்காகத்தானே நான் இருக்கிறேன் என்று சட்டென்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

சுற்றி நின்ற டிரைவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். “பாப்பா கை நல்லாத்தான் வேல செய்யுதுங்க. ஆனா அதுக்கு நான் எஃப்.சி. போட முடியாதே. சரி பண்ணிக்கிட்டு அடுத்த வாரம் வாங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியப்பா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டியது தப்போ என்று அழுகையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். இந்த முறை எதையும் மாற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து பல்பில் வைத்தார். எரியவில்லை. சற்று யோசித்து, பல்பு உட்காரும் தகரக் கூட்டில் இன்னொரு ஒயரை வைத்து அதன் மறுமுனையை எஞ்சினில் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“கரண்டு வருது பாப்பா. திரும்பிப் போவத்தான் வழியில்ல. எர்த்து இல்ல,” என்றார்.

பல்பைக் கழற்றிக் கூட்டுக்குள் விரலை விட்டார். ஈரமாக, மஞ்சளாக ஏதோ நகத்தோடு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகேயும் காட்டினார். சந்தனம். விரிசல் வழியாகத் தண்ணீரோடு இறங்கி, வாரா வாரம் காய்ந்து, அப்பம் போலப் படிந்திருந்தது. வலது விளக்கில் விரிசல் இல்லை, உள்ளே சுத்தமாக இருந்தது.

பெரியப்பா அந்த விரலைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து பெரியம்மா, “என்னாச்சு, கண்டுபுடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, துரு,” என்றார்.

அடுத்த வாரம் நாங்கள் மறுபடியும் கிளம்பியபோது பெரியம்மா மறுபடியும் குடமும் தட்டுமாக வந்தாள். போன தடவை காரியம் ஆகாததால் இந்தத் தடவை சந்தனம் இன்னும் தாராளம். அதிலும் இடது பக்கத்துக்குத்தான் அதிகம்.  “பெரியம்மா…” என்று வாயைத் திறந்தேன். பெரியப்பா என் தோளை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டி, முதல் வளைவு கடந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். சட்டைப் பையில் உப்புத்தாள் தயாராக இருந்தது. மூடியைக் கழற்றி, சந்தனத்தை வழித்து, கூட்டைத் தேய்த்து, பல்பை மாட்டினார். இடது பக்கம் சிமிட்டியது. கிளம்புவோம் என்று பார்த்தால், வழித்து வைத்த சந்தனத்தில் கொஞ்சம் எடுத்து உருட்டி, மூடிக்கு வெளியே, விரிசல் இல்லாத இடமாகப் பார்த்து, பழையபடியே வைத்தார். பக்கத்து விளக்கிலிருந்து குங்குமம் தொட்டு அதன்மேல் வைத்தார். பெரியம்மா வைத்த மாதிரியே வட்டமாக வரும்வரை இரண்டு தரம் அழித்து வைத்தார்.

“பெரியப்பா, பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா இனிமே வைக்க மாட்டாங்கல்ல?”

“வைக்க மாட்டா,” என்றார். “அதான் சொல்ல வேணாங்கறேன்.”

எஃப்.சி. கிடைத்தது. சாயங்காலம் வாசலில் காத்திருந்த பெரியம்மா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே இடது விளக்கிடம் போய்க் குனிந்து பார்த்தாள்.

“பாத்தீங்களா, பெரம்பலூரு போயி வந்தும் வச்ச பொட்டு கலையல!”

“நீ வச்சதாச்சே, கலையுமா?” என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் கார் முதல் வளைவில் கொஞ்ச நேரம் நின்று போகும். உப்புத்தாள் எடுக்க மறந்த நாளில் என்னைப் பார்ப்பார், நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவேன். அத்தனை மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற மனிதர், ஒரு வார்த்தையில் முடிகிற வேலைக்கு வாரா வாரம் ரோட்டோரத்தில் குனிந்து நிற்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பாவம், பெரியம்மா என்றால் பெரியப்பாவுக்கு அவ்வளவு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.