பொட்டு வைக்காத ஜெனரேட்டர்

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு, நாமக்கல்லில் ஒரு பட்டறையில் லாரிக்கு வயரிங் செய்வதுதான் முப்பத்தோரு வருடப் பிழைப்பு. பொழுதுபோக்கு, ரோபோ. பழைய வைப்பர் மோட்டார், தகரம் என்று கண்டதையும் பொறுக்கிவந்து இரண்டு வருடம் உட்கார்ந்து ஒன்றைச் செய்தார். முறம் அளவு உடம்பு, நான்கு சக்கரம். ரிமோட்டை அழுத்தினால் ஓடும், திரும்பும். அவ்வளவுதான். பட்டறையில் எல்லோரும் அதைப் பொம்மை என்றார்கள். அந்த ஒரு வார்த்தை அவரைத் தின்றுகொண்டே இருந்தது.

இந்த ஆயுத பூஜைக்கு முதலாளி மோகன்குமார் மனமிரங்கினார். லாரிகளோடு வரிசையில் நின்று ரோபோவும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறலாம் என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பூஜையன்று காலையில் பார்த்தால் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. முந்தின நாள் தெரு முழுக்க ஓட்டிக் காட்டினால் இறங்காமல் என்ன செய்யும்? சார்ஜரைத் தேடி ஓடினார். சார்ஜருக்கும் நான் அப்போதுதான் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தேன். பொட்டு வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. அதில் அவர்தான் ரொம்பக் கறார்.

“ஏம்புள்ள வசந்தா, அதுக்குமா வெப்பாங்க?”

“எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னது நீங்கதானுங்க!”

பட்டறைக்குப் போன் போட்டால் அங்கேயும் அதே கதை. பொட்டு வைக்காமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பழைய மோட்டாரில் சைக்கிள் பெடலும் செயினும் மாட்டி, கரண்ட் போனால் உதவும் என்று செய்து, கட்டிலுக்கு அடியில் போட்டிருந்த கை ஜெனரேட்டர். சுற்றும் வேலை யாருக்கு? எனக்குத்தான். அவர் அதிலிருக்கும் மீட்டரைப் பார்க்க வேண்டுமாம். ஒன்றரை மணி நேரம் சுற்றியதில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெடல் ஆளில்லாமல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஏற்றிய கரண்டை மோட்டாரே திரும்பக் குடித்துவிட்டது. ஏறின கரண்ட் திரும்பி வராமல் தடுக்க ஒரு டயோடு வைக்க வேண்டும், மறந்துவிட்டாராம். ஊரில் இருக்கிற லாரிக்கெல்லாம் டயோடு மாற்றித் தருகிற மனுஷன்! ஜெனரேட்டரைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனோம்.

நான்கு லாரிகள் பழத்தின் மேல் ஏறி இறங்கின. அடுத்து எங்கள் முறை.

“என்னுங்க, பொம்மை தூங்குதுங்களா?” என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

“கையில தள்ளி உட்ருங்க நாச்சிமுத்து,” என்றார் முதலாளி.

தள்ளினால் அது பொம்மையேதான். இவர் அசையாமல் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பேட்டரியக் கழட்டிப்போட்டு அந்த எடத்துல இந்த வயரக் குடுங்க. நான் சுத்தறேன்.”

நீள வயரை இழுத்துக் கொடுத்தார். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து சுற்றினேன். அவர் ரிமோட்டை அழுத்த, ரோபோ நகர்ந்தது. நான் வேகம் எடுத்தால் எடுத்தது, மூச்சு வாங்கினால் நின்றது. இருந்ததிலேயே சின்னப் பழம் அதன் சக்கரத்தில் நசுங்கியது.

“ஏனுங்க, இது எதுல ஓடுது?” என்று முதலாளி கேட்டார்.

“எங்க வசந்தாமணியிலீங்க,” என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் வழியில்லை. கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும்.