ஹம்ஸா நடத்திய காசி யாத்திரை

ஸ்ரீரங்கத்தில் கல்யாணங்களை ஏற்பாடு செய்து தரும் ஹம்ஸாவிடம் ஐடியாவுக்குப் பஞ்சமே கிடையாது. நலங்கில் அப்பளம் உடைப்பதற்குக்கூட கிரிக்கெட் வர்ணனை வைத்தவள். யாராவது "எங்காத்துல வழக்கமில்லையே" என்றால், "செல்போனும்தான் வழக்கமில்லை, கையில வச்சுண்டிருக்கேளே!" என்று எகிறுவாள்.

ஸ்ரீவத்ஸ் கல்யாணத்தில் அவள் கைவைத்தது காசி யாத்திரையில். சந்நியாசம் போகிறேன் என்று குடையோடு கிளம்பும் மாப்பிள்ளையை, பெண்ணின் அப்பா மண்டப வாசலிலேயே மடக்கிக் கூட்டிவர வேண்டும். "வாசல்ல என்ன இருக்கு? ராஜகோபுரம் வரைக்கும் நடக்கட்டும், வீடியோ பிரமாதமா வரும்" என்றாள் ஹம்ஸா. மாமனாரின் முழங்காலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பாதி வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கோபுரத்தடியில் மாப்பிள்ளை ஸ்ரீவத்ஸ் குடையும் விசிறியுமாகத் தனியாக விழித்தார். டவுன் பஸ் கண்டக்டர், "சத்திரம் பஸ் ஸ்டாண்ட்! சாமி, ஏறுறீங்களா?" என்றார்.

அதற்குள் மணப்பெண் ஸ்ம்ருதியே பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் வந்து நின்றாள். "சந்நியாசம் போனதெல்லாம் போதும், பின்னால ஏறிக்கோ."

இருவரும் வந்து இறங்கியதும் மண்டபமே கைதட்டியது. ஹம்ஸா மைக்கைப் பிடுங்கி, "எப்படி என் ஐடியா?" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனாரை அழைத்துவர வேண்டும் என்பது மட்டும் யாருடைய ஐடியாவிலும் இல்லை.