ஒரு கரண்டி பஞ்சாமிர்தம்

விண்ணப்பப் பாரம் நிரப்புவதற்கு மேல் நான் எதுவும் எழுதியதில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டவள் கதை சொல்ல வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். தம்பிக்கு ஆறு வயது. மூக்கில் அடிக்கடி இரத்தம் வந்தது. இடது கண் மெல்ல வெளியே தள்ளியது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூக்குக்குப் பின்னால், மண்டையின் அடியில் புற்றுக்கட்டி என்றார்கள். அறுத்தே ஆக வேண்டும். அதற்கான டாக்டர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார்; இரண்டு நாள்தான் இருப்பார்.

அம்மாவுக்கு மலாய் வராது. பத்து வயதில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெருமையில் தம்பியின் நோய்கூட எனக்குச் சற்று மறந்துபோனது.

அறுவை அன்று காலை அத்தை கோயிலிலிருந்து பஞ்சாமிர்தத்தோடு வந்தார். தம்பி வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

“இது என்னா சோறா? சாமி பிரசாதம்லா. வாயத் தொறடா ராசா.”

ஒரு கரண்டி உள்ளே போனது. பிரசாதத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் நர்ஸ் மிசி தள்ளுகட்டிலோடு வந்து, “அடிக் டா மாக்கான்?” என்றாள். தம்பி ஏதும் சாப்பிட்டானா என்று அம்மாவிடம் கேட்டேன். “ஒண்ணும் சாப்பிடல” என்றாள் அம்மா, மனசாரத்தான். நான் அதை அப்படியே சொன்னேன். மொழிபெயர்ப்பில் குறை இருக்கக் கூடாதே என்று, வாழைப்பழமும் தேனும் சர்க்கரையும் பிசைந்தது ஒரு கரண்டி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தள்ளுகட்டில் திரும்பிப் போனது.

“ஒனக்கு எதுக்குடி இவ்ளோ நீள நாக்கு? சாமி குடுத்தத தின்னதுன்னு சொல்லுவாங்களா?” அத்தை தொடையில் கிள்ளினார். தமிழ் டாக்டர் ஒருவர் வந்து, “மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போனா மூச்சு நின்னுரும்மா. பாப்பா சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில வச்சுக்கலாம்” என்றார். அத்தை பஞ்சாமிர்தத்தை மூடி வைத்தார். தம்பி, “அப்ப மிச்சத்தையும் திங்கலாமா?” என்று கேட்டான்.

அன்று முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை. ஈரத் துணியால் தம்பியின் முகத்தைத் துடைப்பதும், தள்ளி உட்கார்ந்து பார்ப்பதும், மறுபடி துடைப்பதுமாக இருந்தாள். கோபம் என்றே நினைத்து மூலையில் அழுதேன். கட்டியோடு இடது கண்ணும் போய்விடும் என்று அதே தமிழ் டாக்டர் முந்திய நாளே அவளிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணும் உள்ள அந்த முகத்தோடு அவளுக்கு ஒரு பகல் கூடுதலாகக் கிடைத்ததும் தெரியாது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, முகத்தின் ஒரு பக்கம் கட்டுப்போட்டு வெளியே கொண்டுவந்தார்கள்.